இயக்குநரின் பெயரும் பிறரின் உழைப்பும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படத்தில் இயக்குநரின் படைப்புரிமை குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை அக்கறையோடு படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கட்டுரையின் மையக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மார்க்சியத் திரைக்கோட்பாடு இயக்குநரைப் படைப்பாளராக ஏற்க மறுக்கிறது, படத்தை ஆலையில் உற்பத்தியாகும் சரக்காக மட்டுமே காண்கிறது, ஆகவே தேர்ந்த இயக்குநர் ஒருவரையும் கூலிக்குப் படமெடுப்பவரையும் வேறுபடுத்திக் காட்ட அதற்கு வழியில்லை என்று கட்டுரையாளர் முடிவுகட்டியிருக்கிறார். அந்த மரபின் எழுத்துகளையும் படங்களையும் ஒரு திரைப்படச் சங்கத்தில் பல ஆண்டுகளாகப் பிறரோடு சேர்ந்து படித்தும் பார்த்தும் விவாதித்தும் வருபவன் என்ற முறையில், இம்முடிவு வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன். இயக்குநரின் பெயர் யாருடைய பணத்தைக் கொண்டு, யார் யாருடைய உழைப்பின்மேல் ஏறி நிற்கிறது என்று அந்த மரபு கேட்டது. இப்படிக் கேட்பதால் இயக்குநரின் கலை சிறுத்துவிடும் என்று அஞ்சுவதற்குக் காரணமே இல்லை என்பது என் துணிபு.

இயக்குநரே படைப்பாளர் என்னும் கருத்து எங்கே, எந்தச் சூழலில் வலுப்பெற்றது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடனில் தவித்த பிரான்ஸ், 1946 மே மாதம் அமெரிக்காவோடு செய்துகொண்ட ப்ளூம்–பர்ன்ஸ் உடன்பாட்டின்படி, பதின்மூன்று வாரங்களுக்கு நான்கு வாரங்களை மட்டுமே பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கிவிட்டு எஞ்சிய வாரங்களில் ஹாலிவுட் படங்களுக்குத் திரையரங்குகளைத் திறந்துவிட்டது. பிரெஞ்சுத் திரைத்தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் இதை எதிர்த்துப் போராடினார்கள். அப்படி வந்து குவிந்த அமெரிக்கப் படங்களைப் பார்த்து வளர்ந்த இளைஞர்களே, 1951இல் தொடங்கப்பட்ட ‘கையே து சினிமா’ இதழில் எழுத வந்தார்கள். 1954 ஜனவரியில், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பிரான்சுவா த்ரூஃபோ அவ்விதழில் எழுதிய கட்டுரை, நாவல்களைத் திரைக்கதையாக்கும் ஓரன்ஷ், போஸ்ட் என்னும் இரு எழுத்தாளர்களைக் கடுமையாகச் சாடியது. அவர்கள் எழுதிக் கொடுப்பதைப் படமாக்கித் தருபவர்களை விலக்கிவிட்டு, ரெனுவார், பிரெஸ்ஸோன் போன்றோரைப் படைப்பாளர்கள் என்று உயர்த்திப் பிடித்தது. முதலாளி வர்க்கத்தார் முதலாளி வர்க்கத்தாருக்காகவே எடுக்கும் முதலாளித்துவ எதிர்ப்புப் படங்களால் என்ன பயன் என்று அக்கட்டுரை கேட்டது. இந்தக் கேள்வியை இன்று தனியே எடுத்துக் காட்டினால், அது ஒரு மார்க்சியர் எழுதியது என்றே பலரும் எண்ணுவார்கள்.

அதே இதழின் நிறுவனர்களுள் ஒருவரான ஆந்த்ரே பஸான், 1957 ஏப்ரலில், தம் இளம் தோழர்களின் ஆர்வத்துக்குக் கடிவாளம் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க சினிமாவின் வலிமை இன்னார் இன்னார் என்னும் இயக்குநர்களின் திறமையில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஒரு முழு அமைப்பின் மேதைமையும் அதில் இருக்கிறது என்றார் அவர். படைப்பாளர் என்பது சரி, ஆனால் எதைப் படைத்தவர் என்ற கேள்வியோடு அக்கட்டுரை முடிகிறது. பஸான் மார்க்சியர் அல்லர். சோவியத் படங்களில் ஸ்டாலின் புராணமாக்கப்பட்டதை 1950இலேயே விமர்சித்துக் கம்யூனிஸ்டுகளின் கோபத்துக்கு ஆளானவர். அப்படிப்பட்டவரே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பதைக் கட்டுரையாளர் நினைவில் கொண்டிருக்கலாம்.

இயக்குநரின் விடுதலை எந்தப் பணத்தில் விளைந்தது என்பதும் மறைக்கத் தேவையில்லாத செய்தியே. அவ்விதழில் எழுதிப் பின்னர் இயக்குநரான க்ளோத் சாப்ரோலின் முதல் படம், அவருடைய மனைவிக்கு வந்த பரம்பரைச் சொத்தைக் கொண்டு எடுக்கப்பட்டது. த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படத்துக்கு, பட விநியோகஸ்தரான அவருடைய மாமனாரின் ஆதரவு இருந்தது. 1959 முதல் பிரெஞ்சு அரசு, வருங்கால வசூலின்மேல் முன்பணம் தரும் திட்டமொன்றை நடத்தி, சந்தையை மட்டும் நம்பியிருக்க முடியாத இயக்குநர்களுக்குக் கைகொடுத்தது. இவற்றைச் சொல்வதால் அப்படங்களின் அழகு ஓர் அணுவும் குறைவதில்லை. ஒரு தனிமனிதரின் கையெழுத்து திரையில் தெரிவதற்கு என்னென்ன ஏற்பாடுகள் தேவைப்பட்டன என்பது மட்டுமே இதனால் விளங்குகிறது.

சட்டத்தையும் பாருங்கள். பஸான் தம் கட்டுரையை எழுதிய அதே 1957இன் மார்ச் மாதத்தில் பிரான்ஸ் நிறைவேற்றிய பதிப்புரிமைச் சட்டம், திரைக்கதை எழுதியவர், தழுவி எழுதியவர், வசனம் எழுதியவர், படத்துக்கென்றே இசையமைத்தவர், இயக்குநர் ஆகிய அனைவரையும் ஒரு படத்தின் இணை ஆசிரியர்கள் என்று வகுத்தது. படைப்பாளர் கோட்பாடு பிறந்த நாட்டிலேயே இயக்குநர் சட்டத்தின் முன் தனி ஆசிரியர் அல்லர். அதே 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலோ, இன்று நடப்பிலுள்ள வடிவத்தின்படி, திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். முதன்மை இயக்குநரையும் அவரோடு சேர்க்கலாம் என்று 2010ஆம் ஆண்டின் திருத்த மசோதாவில் இருந்த முன்மொழிவு, 2012இல் நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை. முதல் போட்டவரே ஆசிரியர் என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்லும்போது, முதல் போடுபவருக்கும் உழைப்பவருக்கும் இடையிலான உற்பத்தி உறவுகளைப் பற்றிப் பேசுவது சினிமாவுக்குப் புறம்பானது என்று எப்படிக் கூற முடியும்? நம் இயக்குநர்களின் உரிமைக்காக வாதாட விரும்பும் எவருக்கும் மார்க்சியக் கேள்விகளே முதல் துணையாக இருக்கும்.

பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய 1968 மே மாதக் கிளர்ச்சிக்குப் பின் ‘கையே து சினிமா’ மார்க்சியத்தின் பக்கம் திரும்பியது. 1969 அக்டோபரில் ழான் லூயி கொமோலியும் ழான் நார்போனியும் எழுதிய தலையங்கம், படம் என்பது ஒரு குறிப்பிட்ட பொருளாதார அமைப்புக்குள் உழைப்பால் உருவாகிச் சரக்காக மாறும் பொருள் என்றும், அதே வேளையில் அது கருத்தியலின் விளைபொருள் என்றும் கூறியது. கட்டுரையாளர் இதோடு நிறுத்திக்கொண்டுவிட்டார். அத்தலையங்கமோ அடுத்து, படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதற்கான பல வகைகளை வகுத்துச் செல்கிறது. அவற்றுள் ஒரு வகை, மேலோட்டமாகப் பார்த்தால் ஆளும் கருத்தியலுக்குள் முழுமையாக அடங்கியிருப்பதாகத் தோன்றினும், உள்ளே விரிசல்களைக் கொண்டு அக்கருத்தியலைத் தடுமாறச் செய்யும் படங்கள். அதற்கு எடுத்துக்காட்டாக அவர்கள் சொன்னவர்கள் ஜான் ஃபோர்டு, டிரையர், ரோசலினி ஆகிய இயக்குநர்கள். எல்லாப் படங்களும் ஒரே சரக்கு என்று கருதியவர்கள் இந்த வேறுபாட்டுக்காக இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

1970 ஆகஸ்ட் இதழில், ஆசிரியர் குழு முழுவதும் சேர்ந்து தனிப்பெயர் எதுவும் இடாமல் எழுதிய நீண்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். இளம் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கனைப் பற்றி ஃபோர்டு 1939இல் இயக்கிய படத்தை அது எடுத்துக்கொள்கிறது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம், அதன் தலைமையில் இருந்த டாரில் ஸானக், அக்காலத்து ஹாலிவுட்டின் பொருளாதாரம், அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அரசியல் தேவை என்று வெளியிலிருந்து தொடங்கும் அந்த ஆய்வு, பிறகு படத்துக்குள் நுழைந்து காட்சி காட்சியாக நகர்கிறது. லிங்கனைப் பற்றிய படத்தில் அடிமை முறை பற்றிய பேச்சு கிட்டத்தட்ட இல்லாமலே போனது ஏன், கும்பலை அடக்கும் லிங்கனின் பார்வையில் தெரியும் அச்சமூட்டும் கடுமை எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிறது. நிறுவனம் வேண்டியது ஒரு தேசியத் திருவுருவம். திரையில் தோன்றியதோ அதைவிடச் சிக்கலான, சற்றே திகிலூட்டும் ஒருவர். இந்த இடைவெளிக்கான விளக்கத்தைத் தேடும்போது அக்குழு மீண்டும் ஃபோர்டின் ‘எழுத்திடமே’, அதாவது அவர் படமாக்கும் முறையிடமே, வந்து சேர்கிறது. ஃபோர்டைத் தவிர்க்க இயலாது என்பதை மார்க்சியர்களே இவ்வளவு நுணுக்கமாக நிறுவியிருக்கிறார்கள். உளப்பகுப்பாய்வின் சொற்கள் மிகுந்த அந்த ஆய்வில் எனக்கு ஒப்பாத இடங்கள் பல உண்டு. ஆனால் இயக்குநரை அது கொன்றுவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. ஆசிரியரின் மரணத்தை அறிவித்த பிரெஞ்சு இலக்கிய விமர்சகர் ரோலான் பார்த்தின் கட்டுரை வேறொரு விவாதத்தைச் சேர்ந்தது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஏட்டில் நடந்த இந்த விவாதங்களைவிட, பிரான்சின் கிழக்கிலுள்ள பெசான்சோன் நகரில் 1967 முதல் 1969 வரை நடந்ததே இக்கோட்பாட்டின் உண்மையான உரைகல் என்று நான் கருதுகிறேன். அந்நகரின் ரோதியாசெத்தா என்னும் செயற்கை இழை ஆலையில், இரவு பகல் ஓயாமல் சுழலும் ஷிப்ட் முறையில் வேலை செய்த தொழிலாளர்கள், 1967 பிப்ரவரி இறுதியில் ஆலையைக் கைப்பற்றி ஏறத்தாழ ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு நிற்காமல், ஓய்வும் வாசிப்பும் கலையும் தங்களுக்கு எட்டாமல் போகும் வாழ்க்கையைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். கிறிஸ் மார்க்கரும் மரியோ மாரெயும் அங்கே சென்று ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். 1968 மார்ச்சில் அது அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மார்க்கர் அப்போதே பெயர் பெற்ற இயக்குநர். அவருடைய உரைநடையும் படத்தொகுப்பும் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும் தன்மை கொண்டவை.

அதே ஆண்டு ஏப்ரலில் அந்தத் தொழிலாளர்களுக்கு முன் படம் திரையிடப்பட்டது. அதன்பின் நடந்த விவாதம் ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. எங்களை நீங்கள் அழகுணர்ச்சியோடு காட்டியிருக்கிறீர்கள், ஆனால் நாங்கள் எப்படி அணிதிரண்டோம், சங்கம் எப்படி வேலை செய்தது என்பவை படத்தில் இல்லை என்று அவர்கள் குறை கூறினார்கள். பெண்கள் உழைப்பவர்களாகவும் போராடுபவர்களாகவும் வராமல் மனைவியராக மட்டுமே வருகிறார்கள் என்றும் சுட்டிக்காட்டினார்கள். மார்க்கர் தம் கலைச் சுதந்திரத்தைக் கேடயமாகப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் நாங்கள் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து வந்தவர்கள்தாம்; தொழிலாளர்களின் விடுதலையைப் போலவே அவர்களின் சினிமாவும் அவர்கள் கையாலேயே ஆக வேண்டும் என்ற பொருள்பட அவர் பதிலளித்தார். அவரும் ஒலிப்பதிவாளர் அந்துவான் போன்ஃபாந்தி, ஒளிப்பதிவாளர் புருனோ முயெல் போன்ற தோழர்களும் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கையாளும் முறையைத் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1932இல் சோவியத் நாட்டில், படச்சுருளைக் கழுவும் கூடமும் படத்தொகுப்பு அறையும் கொண்ட ஒரு ரயிலில் சுற்றி, ஆலைகளையும் கூட்டுப் பண்ணைகளையும் படமெடுத்து, அங்கேயே அம்மக்களுக்குத் திரையிட்டு விவாதம் நடத்திய அலெக்சாண்டர் மெத்வேத்கினின் பெயரைத் தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குழு 1969இல் எடுத்த முதல் பெரிய படத்தின் நாயகி சுசான் ஸெடே. மார்க்கரின் படத்தில், தம் வீட்டில், கணவர் பேசப் பேச அருகில் அமர்ந்து பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். இந்தப் படத்திலோ கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் சங்கம் கட்டுபவராக, ஆலை வாயிலில் தோழியரை அழைப்பவராக, நிர்வாகத்தின் பழிவாங்கலையும் தொழிலாளர்களுக்கு உரிய பண்பாட்டையும் பற்றித் தெளிவாகப் பேசுபவராக வருகிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, இயக்குநரின் பார்வை என்பது என்ன, அதன் எல்லை எது என்பது எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் துலக்கமாகப் புரியும். மார்க்கரின் கண் கூரியது. ஆனால் அந்தக் கண் நின்ற இடத்திலிருந்து சுசான் ஒரு மனைவியாகத்தான் தெரிந்தார். நின்ற இடம் மாறியபோது தெரிந்த மனுஷியும் மாறினார். மார்க்சியத் திரைக்கோட்பாடு சொல்ல வந்ததன் சாரத்தை நான் இங்கேதான் காண்கிறேன்.

இதனால் கூட்டுப்படைப்பில் தனித்திறமைக்கு இடமில்லாமல் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சோஷோ நகரத்துப் பெஜோ கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களோடு அமைந்த கிளைக்குழுவின் படமொன்றை 1974இல் புருனோ முயெல் எடுத்தார். தொடர்ந்து நகரும் உற்பத்தி வரிசையை, அதன் காதைப் பிளக்கும் ஓசையோடு, பார்ப்பவர் பொறுமையின் எல்லைவரை அவர் காட்டுகிறார். அந்த வேலையில் தம் கைகள் எப்படி மரத்துப் போயின என்று ஒரு தொழிலாளரின் குரல் சொல்கிறது. ஓசையை எங்கே நீளவிட வேண்டும், குரலை எங்கே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தது தேர்ந்த ஒரு கலைஞரின் காதும் கண்ணும்தான். அவர் பெயரும் படத்தில் இருக்கிறது, குழுவின் பெயரும் இருக்கிறது.

மார்க்சியத்தின் பெயரால் இழைக்கப்பட்ட தவறுகளை மறைத்துவிட்டு இக்கடிதத்தை எழுதுவது நேர்மையாகாது. 1937இல், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்துக்கொண்டிருந்த ‘பெழின் புல்வெளி’ படத்தை, சோவியத் திரைத்துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த போரிஸ் ஷுமியாட்ஸ்கி பாதியில் நிறுத்தினார். அதோடு விடாமல், தம் பிழைகளைத் தாமே ஒப்புக்கொண்டு எழுதும் நிலைக்கு ஐசன்ஸ்டைன் தள்ளப்பட்டார். அடுத்த ஆண்டில் ஷுமியாட்ஸ்கியே சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டு உழைப்பின் பெயரைச் சொல்லி அதிகாரம் ஒரு கலைஞரை ஒடுக்கிய வரலாறு இது. கட்டுரையாளரின் அச்சத்துக்கு இதுவே அடிப்படை என்றால், அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் தொழிலாளர்கள் தங்கள் இயக்குநரோடு முகத்துக்கு முகம் வாதிட்ட பெசான்சோன் கூடத்தையும், ஒரு நிர்வாகி கையெழுத்திட்டுப் படத்தை நிறுத்திய மாஸ்கோ அலுவலகத்தையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்த வரலாறு நமக்குத் தொலைவானதும் அன்று. நாட்டுப் பிரிவினையால் அகதிகளான மக்களையே நடிக்க வைத்து 1950இல் ‘சின்னமுல்’ என்னும் வங்காளப் படத்தை இயக்கிய நிமாய் கோஷ், பிறகு சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். 1960இல் தொழிலாளர் இயக்கத்தை மையமாகக் கொண்ட ‘பாதை தெரியுது பார்’ படத்தைத் தமிழில் இயக்கினார். ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ பாடலால் மட்டும் அப்படம் இன்று நினைவுகூரப்படுகிறது. நிமாய் கோஷும் அப்படத்தின் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் சென்னைத் திரைத்தொழிலாளர்களுக்குச் சங்கங்களைக் கட்டுவதில் முன்நின்றவர்கள். ஒளிப்பதிவு உதவியாளருக்கும் லைட்மேனுக்கும் வாத்தியக் கலைஞருக்கும் வேலை நேரமும் கூலியும் பேசி முடிப்பது தம் கலைப்பணியின் பகுதி என்று கருதிய இயக்குநர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். தமிழில் படைப்பாளர் இயக்குநர்கள் என்று பட்டியலிடும்போது அவர் பெயரை எவரும் சேர்ப்பதாக நான் கண்டதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

1977இல் வந்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ இன்னோர் எடுத்துக்காட்டு. அதன் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் படமாக மட்டுமே அது பேசப்படுகிறது. திரைக்கதையை எழுதியவர், தமிழ் மார்க்சிய விமர்சகர்களோடு நெடுங்காலம் வாதிட்ட வெங்கட் சாமிநாதன். அந்த வாதங்களில் நான் யார் பக்கம் என்பது இக்கடிதத்திலிருந்தே தெரியும். ஆனாலும் அப்படத்தில் அவருக்குரிய இடத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதே ஜான், கேரளத்தில் ஒடேசா என்னும் குழுவின் வழியாக மக்களிடம் சிறுசிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில், 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார். அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் ஜானின் மனம் தெரிகிறது. அந்தச் சட்டகங்களைச் சாத்தியமாக்கியது வட்டிக்கடனோ நட்சத்திரத்தின் கால்ஷீட்டோ இல்லை என்பதும் அதே அளவுக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் விமர்சனமே முழுமையானது.

ஆகவே தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தங்கள் நாளிதழின் திரை விமர்சனங்கள் பலவற்றில் நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் பெயர்களுக்குப் பின் ஒளிப்பதிவாளர் பெயர் சில வேளைகளில் வருகிறது. படத்தொகுப்பாளர் பெயர் அரிதாக வருகிறது. கதையும் வசனமும் எழுதியவர், ஒலி வடிவமைப்பாளர், கலை இயக்குநர் ஆகியோர் பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. ஒவ்வொரு விமர்சனத்தின் தலைப்பிலும் இப்பெயர்களை முறையாக அச்சிடுவதோடு, படத்தைத் தயாரித்த நிறுவனத்தையும் வெளியிட்ட நிறுவனத்தையும் குறிப்பிட்டு, இயக்குநரின் முடிவு என்று விமர்சகர் புகழும் ஒன்று உண்மையில் யாருடைய முடிவு என்பதை விசாரித்து எழுதுமாறு தங்கள் விமர்சகர்களை வேண்டிக்கொள்கிறேன். மற்றொன்று, மார்க்சியத் திரைக்கோட்பாட்டை ஒரு பக்கத்தில் முடித்துவைத்த அதே ஞாயிறு இணைப்பில், 1969ஆம் ஆண்டின் அந்தத் தலையங்கத்தையும் பெசான்சோன் விவாதத்தின் முக்கியப் பகுதிகளையும், உரிய அனுமதி பெற்று, தமிழாக்கம் செய்து வெளியிட வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதிலும் குறிப்புகள் தயாரிப்பதிலும் எங்கள் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் ஊதியம் எதிர்பாராமல் உதவ ஆயத்தமாக இருக்கிறார்கள். கட்டுரையாளர் இசைந்தால், அவரையும் அழைத்து, இங்கே குறிப்பிட்ட பெசான்சோன் படங்கள் இரண்டையும் திரையிட்டு விவாதிக்கவும் ஏற்பாடு செய்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
மதுரை